டீ வடிகட்டியில் கிரீன்லாந்து
வாசகர் கேள்விகள் – ஓதமானிக்காரர் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "கடல் ஏறுவது உண்மைதான். ஆனால் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்" என்று ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, "ஏன் சார் பயமுறுத்துகிறீர்கள்?" மீதிப் பாதி, "ஏன் சார் அமுக்கி வாசிக்கிறீர்கள்?" இரண்டு கட்சிக்கும் இந்த மாதம் முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் விஞ்ஞானி இல்லை. ஒரு துறைமுகத்தில் 31 வருஷம் ஓதமானி பார்த்தவன். கடல் இன்று எவ்வளவு ஏறியது, எவ்வளவு வற்றியது என்று எழுதிவைப்பது வேலை. கடலுக்குக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கே: டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டி போட்டேன். முழுசாக உருகியும் ஒரு சொட்டு வழியவில்லை. கடல் மட்டும் எப்படி ஏறுமாம்? (கும்பகோணம் வாசகர்)

ப: உங்கள் சோதனை நூற்றுக்கு நூறு சரி. மிதக்கிற ஐஸ் தன் எடைக்கான தண்ணீரை ஏற்கெனவே விலக்கிவிட்டுத்தான் மிதக்கிறது. உருகும்போது அந்த இடத்தை அதுவே நிரப்பிவிடுகிறது. வட துருவக் கடலில் மிதக்கும் பனி மொத்தமும் உருகினாலும் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

இப்போது இன்னொரு டம்ளர் எடுங்கள். விளிம்பு வரை தண்ணீர். மேலே டீ வடிகட்டியை வைத்து, ஐஸை அந்த வடிகட்டியில் போடுங்கள். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் திட்டு மிச்சம். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் வடிகட்டியில் இருக்கிற ஐஸ். தரைமேல் உட்கார்ந்திருப்பது. கிரீன்லாந்தில் அது சில இடங்களில் 3 கிலோமீட்டர் கனம். அத்தனையும் உருகினால் கடல் 7 மீட்டருக்கு மேல் ஏறும். அண்டார்டிகா என்றால் சுமார் 58 மீட்டர். உடனே மூட்டை கட்ட வேண்டாம். அத்தனையும் உருகப் பல நூறு, பல ஆயிரம் வருஷம் ஆகும். 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்து இழந்த ஐஸ் கடலை ஏற்றியது 13.5 மில்லிமீட்டர், அண்டார்டிகா 7.4.

இன்னொன்று உங்கள் டம்ளரில் தெரியாது. தண்ணீர் சூடானால் விரியும். 1971-லிருந்து 2018 வரை கடல் ஏறியதில் பாதி, எந்த ஐஸும் உருகாமல், இருந்த தண்ணீரே விரிந்ததால் வந்தது.

கே: அலையே ஆள் உயரம் எழுகிறது. இதில் 3 மில்லிமீட்டரை எவன் அளந்தான்? (நாகர்கோவில், ஓய்வுபெற்ற பொறியாளர்)

ப: என் பிழைப்பைக் கேட்டுவிட்டீர்கள். பதில் நீளும்.

துறைமுகச் சுவரை ஒட்டிப் பெரிய குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே வர அடியில் சின்னத் துளை. வெளியே அலை என்ன குதி குதித்தாலும், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் நிதானமாகத்தான் வரும், போகும். ஆகவே குழாய்க்குள் அலை கிடையாது. ஏற்றமும் வற்றமும் மட்டும். உள்ளே ஒரு மிதவை, அதில் கம்பி, கம்பியின் மறுமுனையில் பேனா. கடிகாரத்தால் சுற்றும் உருளையில் தாள். பேனா இரவு பகலாகக் கோடு இழுக்கும். மணிக்கு ஓர் அளவு என்று எடுத்தால் வருஷத்துக்கு 8,760 அளவு. உங்கள் பேரனைச் சுவரோரம் நிறுத்திப் பென்சில் கோடு போட்டு உயரம் பார்த்திருப்பீர்கள். அவன் ஓயாமல் குதித்தாலும், ஆயிரம் கோடு போட்டுச் சராசரி பார்த்தால் போன வருஷத்தைவிட வளர்ந்தானா என்று தெரிந்துவிடாதா? அதேதான். சந்திரனின் பாதை சாய்ந்து நிமிர 18.6 வருஷம் ஆவதால், ஓதக் கணக்கில் 19 வருஷச் சராசரிக்குத்தான் முழு மரியாதை.

கருவி ஏமாற்றும். ஒரு வருஷம் அந்தத் துளையைக் கொட்டலசும் பாசியும் அடைத்துக்கொண்டன. ஏற்றவற்றம் பாதியாகச் சுருங்கித் தாளில் விழுந்தது. மேலதிகாரி பார்த்துவிட்டு, "கடல் சாந்தமாயிடுச்சேய்யா" என்றார். ஆள் இறக்கிச் சுரண்டினோம். அந்த மாதக் கணக்கு முழுவதையும் சிவப்பு மையில் அடித்தேன்.

அதைவிடப் பெரிய ஏமாற்று தரையினுடையது. கடல் ஏறியதா, கருவி நிற்கிற தரை இறங்கியதா? இதற்காகத்தான் உறுதியான இடத்தில் மட்டக்கல் என்ற அடையாளக் கல்லைப் பதித்து, கருவியை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. 2004 டிசம்பர் பூகம்பத்தில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போய்விட்டது. அதே பூகம்பத்தில் வட அந்தமான் மேலே எழும்பி, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. ஸ்டாக்ஹோமில் 1774 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே கடல் இறங்கிக்கொண்டிருக்கிறது! பனியுகத்து ஐஸ் பாரம் நீங்கிய தரை இன்னும் நிமிர்கிறது, பருமனான ஆள் எழுந்துபோன மெத்தைபோல. ஜகார்த்தாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரையே தாழ்கிறது.

இந்தத் தரைத் தகராறு வேண்டாமென்றுதான் மேலே போனார்கள். 1992-ல் டோபெக்ஸ் பொசைடன் செயற்கைக்கோள், 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பத்து நாளைக்கு ஒருமுறை அதே தடத்தில். அதன் வாரிசுகள் இன்றும் சுற்றுகின்றன. கரையோரக் குழாய்களின் கணக்கும் வானத்துக் கணக்கும் ஒத்துப்போகின்றன. 1901-லிருந்து 2018-க்குள் 20 சென்டிமீட்டர் ஏற்றம். முதல் எழுபது வருஷம் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006-க்குப் பிறகு 3.7. எனக்கு உறுத்துவது 3.7 இல்லை. 1.3 எப்படி 3.7 ஆயிற்று என்பதுதான்.

கே: எங்கள் ஊரில் கடல் நூறு மீட்டர் உள்வாங்கியது. படகெல்லாம் தரைதட்டி நிற்கிறது. டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஏறுகிறது என்கிறீர்களே? (ராமேஸ்வரம் வாசகர்)

ப: பாக் நீரிணை பழைய சாதத் தட்டு மாதிரி ஆழமில்லாதது. காற்று திசை மாறி ஒரு சாண் வற்றினாலே நூறு மீட்டர் தரை தெரியும். டிவிக்காரர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மறுநாள் மாலை வரச் சொல்லுங்கள்.

கே: 2035-ல் இமயமலையில் பனியே இருக்காது என்று ஐ.நா. சொன்னது. இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது? பொய் சொன்னவர்களை எதற்கு நம்ப வேண்டும்? (கோவை வாசகர்)

ப: கோபம் நியாயம். அந்த வரி தவறுதான். வந்த வழி அதைவிட மோசம். ஐ.பி.சி.சி. என்கிற ஐ.நா. காலநிலைக் குழு 2007-ல் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் அது இருந்தது. எடுத்த இடம் ஒரு தொண்டு நிறுவனத்தின் 2005 அறிக்கை. அவர்கள் எடுத்தது 1999-ல் ஒரு பத்திரிகையில் வந்த பேட்டியிலிருந்து. அளந்து எழுதிய தாள் என்று ஒன்று எங்குமே இல்லை. 1996-ல் வந்த வேறொரு ஆவணத்தில் 2350 என்றிருந்தது. எண் இடம் மாறிவிட்டதோ என்றுகூடப் பேசினார்கள்.

2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பெரிய பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வறிக்கையை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அப்படியொன்றும் தலைதெறிக்கப் பின்வாங்கவில்லை என்பது சாரம். ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதை மந்திரவாத விஞ்ஞானம் என்றார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், அவருடைய குழுவே 2035 என்ற வரிக்கு வருத்தம் தெரிவித்தது. ஒரு கிழவர் மலையேறி அளந்ததைப் பரிகசித்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அளக்கிற ஜாதி நான்.

ஆனால் நான் சிவப்பு மையில் அடித்தது ஒரு மாதக் கணக்கை, பேரேட்டை அல்ல. காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் 2019-ல் சொன்னது: உலகச் சூட்டை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்துகுஷ் இமயமலைப் பனியில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டுக்குள் போய்விடும். புகை இதே வேகத்தில் போனால் மூன்றில் இரண்டு. 2035 இல்லை, ஆனால் பேரன் காலத்துக்குள். (காவிரிக்கு இதில் பயமில்லை. அது மழையில் பிழைக்கிற ஆறு.)

கே: இந்த மார்கழியில் எங்கள் தோட்டத்துப் புல்லெல்லாம் உறைந்துவிட்டது. பூமி சூடாகிறதாம்! (ஊட்டி வாசகி)

ப: 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் வாஷிங்டன் தெருவிலிருந்து ஒரு பனி உருண்டையை அமெரிக்க செனட்டுக்குள் எடுத்துவந்து வீசி, இதே கேள்வியைத்தான் கேட்டார். பந்தியில் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு, "நாட்டில் பசியே இல்லை" என்பது மாதிரி. நீங்களாவது உருண்டையை அனுப்பவில்லை. நன்றி.

கே: எங்கள் தெருவில் நான்கு வரிசை வீடுகளைக் கடல் தின்றுவிட்டது. அதிகாரிகள் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். அப்படியா? (புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து)

ப: தம்பி, நூறு வருஷத்தில் 20 சென்டிமீட்டர் ஏறிய கடல், பத்து வருஷத்தில் நான்கு வரிசை வீட்டைத் தின்னாது. மணலைக் கேளுங்கள்.

நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே துறைமுகச் சுவர் நீட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும்; வடக்குப் பக்கம் வரவேண்டிய மணல் வராது, அலை மட்டும் வரும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனது. நாம் காற்று வாங்குகிற மணல் வடசென்னைக்காரனுடையது. புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது, நகரத்துக் கடற்கரை காணாமல் போனது, கல் கொட்டினார்கள். இப்போது செயற்கைப் பாறை அமைத்ததில் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. உங்கள் குப்பத்துக்குத் தெற்கே கல் கொட்டியிருக்கிறார்களா, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் சுவர்) போட்டிருக்கிறார்களா, எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள். உங்கள் முதல் வீடு எந்த வருஷம் விழுந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சிலருக்குப் பருவநிலை மாற்றம் மிகவும் வசதியான குற்றவாளி. அதற்கு விலாசம் கிடையாது, சம்மன் அனுப்ப முடியாது. அதற்காக அது நிரபராதி என்றும் நான் சொல்லவில்லை. மணலில்லாமல் நிற்கிற கரைக்கு ஏறிய கடல் இன்னும் கிட்டே வரும். புயலன்று அந்த 20 சென்டிமீட்டரின் மேல்தான் அலை ஏறி நிற்கும்.

கே: குமரி நாட்டையே கடல் கொண்டது. அன்றைக்கு எந்த பெட்ரோல் பங்க் இருந்தது? (கன்னியாகுமரி வாசகர்)

ப: நல்ல கேள்வி, நன்றாகச் சிரித்தேன். கண்டம் ஒன்று மூழ்கியதற்குக் கடலடியில் சான்று இல்லை. ஆனால் கரையோரத் தரை மூழ்கியது நிச்சயம். 20,000 வருஷத்துக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனியுகம் முடிந்து ஏறியது. கடைசிச் சில ஆயிரம் வருஷம்தான் பெரும்பாலும் அடங்கியிருந்தது. அந்த இடைவெளியில்தான் நாம் துறைமுகம், உப்பளம், கோயில், அனல்மின் நிலையம் எல்லாம் கட்டிக்கொண்டோம்.

ஊரில் முன்பும் தீப்பிடித்ததுண்டு என்பதால், இன்றைக்குப் பிடித்ததை யாரும் கொளுத்தவில்லை என்று ஆகாது. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1856-ல் யூனிஸ் ஃபுட் என்ற அம்மாள் கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்துப் பார்த்தார். அந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-ல் சுவீடன்காரர் அர்ரேனியஸ் கையால் கணக்குப் போட்டார். 1958-ல் ஹவாயில் கீலிங் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். அங்கே குளிர்ந்திருக்கிறது. போர்வைக்கு உள்ளே சூடு, வெளியே குளிர்.

கே: மாலத்தீவு மூழ்கப்போகிறது என்று தண்ணீருக்கடியில் மந்திரிசபைக் கூட்டம் போட்டார்கள். இப்போது பார்த்தால் தீவையே புதிதாகக் கட்டுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து தோணியில் சரக்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது. (தூத்துக்குடி வாசகர்)

ப: 2009 அக்டோபரில் அதிபர் நஷீத் நடத்தியது நாடகம், நல்ல நாடகம். பவளத் தீவு செத்த மண் இல்லை. அலை பவளத்தைப் பொடித்துக் கரையில் போட்டுக்கொண்டே இருக்கும். பசிபிக்கில் உள்ள துவாலுவை 1971 முதல் 2014 வரையிலான படங்களை வைத்து அளந்தபோது, மொத்தப் பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. இதை எடுத்துச் சொன்னால் சூழல் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அளந்தது அளந்ததுதான். ஆனால் பரப்பு கூடிய தீவில் கிணறு உப்பாகிவிட்டால் என்ன செய்வது? மாலத்தீவில் ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவைக் கடலை நிரப்பிச் சுமார் 2 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். அந்த 2 மீட்டரை வேடிக்கைக்காக வைக்கவில்லை.

கே: ஊரார் கணக்கெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்த 31 வருஷத்தில் உங்கள் துறைமுகத்தில் எவ்வளவு ஏறியது? (சிதம்பரம் வாசகி)

ப: சொல்ல முடியாதம்மா. நான் ஓய்வுபெற ஒன்பது வருஷம் இருக்கும்போது கருவியைப் புதுச் சுவருக்கு மாற்றினார்கள். பழைய மட்டக்கல்லோடு புதிய இடத்தை ஒப்பிட ஆள் வரவேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினேன். ஆள் வருவதற்குள் அந்த இடத்தில் கிடங்கு கட்டத் தளம் போட்டுவிட்டார்கள். கல் சிமெண்டுக்கு அடியில். அதற்கு முந்தைய 22 வருஷம் ஒரு பேரேடு, பிந்தைய 9 வருஷம் ஒரு பேரேடு. இரண்டையும் ஒட்ட வழியில்லை. கிடங்கில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் இடது பக்கம் மூன்றாவது தூணுக்கும் சுவருக்கும் நடுவே. இடம் எனக்குத் தெரியும்.