பையில் இருப்பதைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாமா?

கேள்வி: மனைவிக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்ததும் தொப்புள்கொடி ரத்த வங்கி ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஸ்டெம் செல் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இப்போது சேமியுங்கள், குழந்தை வளர்ந்தபின் லேபில் வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம்" என்கிறார். தவணையிலும் கட்டலாமாம். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது.

தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பது ரத்த ஸ்டெம் செல், அதாவது எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் மூல செல். அதை விதைநெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜைக்குள் அது பெரும்பாலும் தூங்கித்தான் கிடக்கும், எப்போதாவது பிரியும். பிரிந்து வருவதில் போதிய அளவு விதையாகவே தங்கினால்தான் ஆயுசுக்கும் ரத்தம் ஊறும். தங்கவைப்பதில் மஜ்ஜைக்குள் இருக்கும் சூழலுக்குப் பெரும் பங்கு. வெளியே எடுத்து, மருந்து ஊற்றி அவசரமாகப் பிரியவைத்தால், முதல் சில பிரிவுகளிலேயே பெரும்பாலானவை சிவப்பணு, வெள்ளையணு ஆகும் வழியில் இறங்கிவிடும். செல் எண்ணிக்கை எகிறிவிட்டதாக ரிப்போர்ட் வரும். விதைநெல்லை அவித்தால் பானை நிறையச் சோறு. நாற்றுக்கு எங்கே போவது?

"அமெரிக்காவில் பெருக்கிவிட்டார்களே" என்று செய்தித்தாளை நீட்டுவார். 2023-இல் அங்கே அப்படிப் பெருக்கிய செல்களைக் கொண்டு செய்யும் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது நிஜம்தான். நிகோடினமைடு என்ற பி3 வைட்டமின் வகையைச் சேர்த்து, செல்கள் தடம் மாறுவதைத் தாமதப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் ஆன ரத்தப் புற்று நோயாளிகளுக்கு, வேறொருவர் தானம் தந்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்வது. உங்கள் குழந்தையின் கொடி ரத்தத்தைச் சேமிக்கும் பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பையில் பெரும்பாலும் 100 மில்லிகூடத் தேறாது. குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் என்றால் அதே கோளாறு பையிலும் இருக்கும். லுக்கேமியா என்ற ரத்தப் புற்று என்றாலும் பிறந்தபோதே அதன் வித்து அதில் இருந்திருக்கலாம். சொந்த உபயோகத்துக்குச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறையிலேயே எழுதிவிட்டது. எழுதியதோடு சரி. ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கும் ஆளை யார் கேட்பது? கையெழுத்து விழுந்தால் அவருக்குக் கமிஷன்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டில் மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே தலசீமியா போன்ற நோய் இருந்தால், பிறக்கப்போகும் குழந்தையின் கொடி ரத்தம் பொக்கிஷம். 1988-இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த சிறுவனுக்கு ஏற்றியது தங்கையின் கொடி ரத்தத்தைத்தான். உலகிலேயே அதுதான் முதல். ஆனால் உடன்பிறப்புக்குத் திசு வகை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். புதுக் குழந்தைக்கும் அதே நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும். மூத்தது எடை கூடியிருந்தால் ஒரு பை போதாமலும் போகும். அப்போது சின்னதன் மஜ்ஜையையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. ஆகவே பிரசவத்துக்கு முன்பே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யப்போகும் ரத்தநோய் மருத்துவரிடம் பேசுங்கள், ஏஜென்ட்டிடம் அல்ல. உங்கள் கடிதத்தில் மூத்த குழந்தை பற்றிய பேச்சே இல்லை. ஆக, இது உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. பை நிறைய வேண்டும் என்று கொடியைச் சீக்கிரம் கிளிப் போடச் சொல்வார்கள். பிரசவம் சிக்கலில்லாமல் நடந்தால் 1 முதல் 3 நிமிடம் பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ரத்தமும் அதிலுள்ள இரும்புச்சத்தும் குழந்தைக்கே போகட்டும் என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். வலி எடுத்தபின் சொன்னால் காதில் வாங்க ஆள் இருக்காது.