சமையலறைக்கு வாங்க, தம்பி

கேள்வி: ரஷ்ய மொழி படிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து மூன்று மாதம் ஆகிறது. 62 வயது அம்மா ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். காலையும் இரவும் சாப்பாடு அங்கேதான். அவர் சிரித்தே பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தால் திருத்துகிறார். மரியாதையாக ‘பாபுஷ்கா’ என்று கூப்பிட்டேன், முகம் மாறிவிட்டது. மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று சொல்லியும் தட்டில் கோழி வருகிறது. இப்போதெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறேன். ஹாஸ்டலுக்கு மாறிவிடலாமா?
– பெயர் வேண்டாம், கும்பகோணத்துக்காரன்

பதில்: மாறாதீர்கள் தம்பி. ஹாஸ்டலுக்குப் போனால் நம்ம ஊர்ப் பசங்களோடு தமிழும் இங்கிலீஷும்தான் பேசுவீர்கள்.

முதலில் அந்த பாபுஷ்கா. கும்பகோணம் கடைத்தெருவில் 62 வயது அம்மா ஒருவரை, முன்பின் தெரியாத பையன் ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? அங்கேயும் அதேதான். அவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அப்பா இவான் என்றால் இவானொவ்னா. நாம் இனிஷியலில் அடக்கி வைப்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அவர் உங்களை நீ, வா, போ என்பார். நீங்கள் ‘நீங்கள்’ போட்டே பேச வேண்டும். ஆங்கிலக்காரருக்கு இதை விளக்க அரைமணி நேரம் ஆகும்.

சிரிக்காததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணமில்லாமல் பல்லைக் காட்டுவது அங்கே வழக்கமில்லை. திருத்துகிறார் என்றால், நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்.

கோழி விஷயம் வேறு. ‘மியாச’ (மாமிசம்) என்றால் பலருக்கு மாடும் பன்றியும்தான். கோழி அந்தக் கணக்கில் வராது. பாவம், பையன் மாமிசம் தொடமாட்டானே என்று இரங்கித்தான் கோழி வைத்திருப்பார்! ‘யா நே யெம் நி மியாச, நி ரீபி, நி கூரித்சி’ என்று மாமிசம், மீன், கோழி மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். சூப் எதில் கொதித்தது என்றும் கேட்டுவிடுங்கள். எலும்புச் சாறாக இருக்கும்.

அப்புறம், தட்டோடு அறைக்குள் போவதை இன்றே நிறுத்துங்கள். அந்த வீட்டில் வகுப்பு நடக்கிற இடம் சமையலறை மேசை. உருளைக்கிழங்கை நான் நறுக்குகிறேன் என்று உட்காருங்கள். ‘பமேல்ச்சே’ என்பார்: இன்னும் பொடியாக. ‘க்வாதித்’ என்பார்: போதும். கையில் கத்தியோடு கற்ற சொல் மறக்காது.

பேசும்போது இங்கிலீஷில் யோசித்து மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் வீணடித்தேன். தமிழிலிருந்து போங்கள். ‘ம்னே ஹோலத்ன’: எனக்குக் குளிருது. ‘உ மின்யா யெஸ்த் க்ளூச்’: என்கிட்ட சாவி இருக்கு. ‘யா ஸ்துதியென்த்’: நான் மாணவன், நடுவில் ‘ஆம்’, ‘இஸ்’ எதுவும் கிடையாது. வேற்றுமை ஆறுதான். எட்டு படித்தவருக்கு ஆறு என்ன பயம்? (உருபுகள் பாலுக்கும் எண்ணுக்கும் தகுந்தபடி மாறுவது தொல்லைதான், மறைக்கவில்லை.)

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு. மாஸ்கோ போகிறேன் என்று சொல்ல நினைத்து, ‘யா இது’ என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்கார அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “700 கிலோமீட்டரையும் நடந்தா?” என்றார். நடந்து போனால்தான் ‘இது’. வண்டியில் போனால் ‘யேது’. அவர் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

சமாதானத்துக்குப் பூ வாங்கிப் போங்கள். மூன்று அல்லது ஐந்து. நாம் மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைப்பதுபோல, அங்கே பூவுக்கு ஒற்றைப்படைதான். இரட்டைப்படையில் கொடுப்பது சாவுக்கு.