பிரஷ் சோதனை போதுமா, பயாப்சி வேண்டுமா?

அப்பாவின் நாக்கு ஓரத்தில் ஒரு மாதமாக வெள்ளைத் திட்டு, சுரண்டினாலும் போகவில்லை. அது வாய்ப் புற்றுநோயா என்பது, கத்தி வைக்காமல் பிரஷில் செல் எடுத்துச் சின்ன சிப்பில் பார்க்கும் சோதனையிலேயே தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை நம்பிப் பயாப்சியை, அதாவது சின்னத் திசுத்துண்டு வெட்டிப் பார்ப்பதை, தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சோதனையில் சின்ன பிரஷைத் திட்டின் மேல் அழுத்திச் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். திரவத்தில் கலந்து சிப்புக்குள் விட்டால், நுண்துளைச் சவ்வில் செல்கள் மட்டும் தங்கும். அங்கேயே ஒளிரும் சாயம் ஏற்றி, உட்கரு எவ்வளவு பெருத்திருக்கிறது, செல்லில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் புரதம் மிகுந்திருக்கிறதா என்று கணினி அளக்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெவிட் குழு இதில் நிறைய வேலை செய்தது. நல்ல நுட்பம்தான். ஆனால் பிரஷில் வருவது உதிரிச் செல்கள். புற்று உள்ளே இறங்கிவிட்டதா என்பதைத் திசுத்துண்டுதான் காட்டும். பிரஷ் அடியடுக்கு வரை எட்டாவிட்டால், பிரச்சினை இல்லை என்று தவறாகவும் வரலாம்.

இரண்டு வாரம் தாண்டியும் மறையாத திட்டுக்குப் பயாப்சிதான் சரி. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர்தான் எடுப்பார்கள். (நாக்குப் புண் சீக்கிரம் ஆறிவிடும், அப்பாவிடம் சொல்லுங்கள்.) அப்புறம், பக்கத்தில் கூரான பல் உரசுகிறதா, திட்டில் சிவப்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள், சிவப்பு இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள்.