மில்லிங்கர்வார்டில் கிராவல் பைக்: டயருக்கு முன்னால் நீர்மட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். போன வருடம் கிராவல் பைக் (மண், சரளைப் பாதைகளிலும் ஓட்டத் தோதான சைக்கிள்) வாங்கினேன். நைமேகனுக்குக் கிழக்கே மில்லிங்கர்வார்டில் ஆற்றோரக் காட்டுப் பாதைகளில் ஒரு நாள் முழுக்க ஓட்ட நண்பர்களோடு திட்டம் போட்டிருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் போகலாமா? 40 மி.மீ. டயர் போதுமா? மாடுகளும் குதிரைகளும் அங்கே தன்னிஷ்டத்துக்குத் திரியும் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: 40 மி.மீ. போதும். ஃபிரேமில் இடம் இருந்தால் 45 போட்டுக்கொள்ளுங்கள், மணலில் வித்தியாசம் தெரியும். ஏப்ரல் கடைசியில் போகலாம், ஆனால் என்னைக் கேட்டால் செப்டம்பருக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். மாடுகளைப் பார்த்து நடுங்க வேண்டாம், தள்ளி நிற்கத் தெரிந்தால் போதும். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: அன்றைக்கு ஆறு எவ்வளவு உயரத்தில் ஓடும்?

நீங்கள் போகும் இடம் எப்படி உருவானது என்று தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். டச்சு ஆறுகளின் இரு பக்கமும் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய உயரமான கரைகள் உண்டு. அந்தக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வெள்ளச் சமவெளியில் காலம் காலமாக மாடு மேய்த்தார்கள், செங்கல்லுக்குக் களிமண் தோண்டினார்கள். 1986-இல் செங்கால் நாரையின் பெயரைச் சூட்டி ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. விவசாயம் கரைக்கு ஊர்ப்பக்கம் இருக்கட்டும், ஆற்றுப்பக்கத்தை ஆற்றுக்கே விட்டுவிடுவோம் என்பது அதன் சாரம். அப்படி விடப்பட்ட முதல் இடங்களில் மில்லிங்கர்வார்டும் ஒன்று. காலவே இன மாடுகளையும் கோனிக் இனக் குதிரைகளையும் ஆண்டு முழுக்க அங்கேயே வாழ விட்டார்கள். 1994 முதல் இந்தப் பகுதியில் பீவர்களை (மரத்தைக் கடித்து வீழ்த்தும் நீர்வாழ் விலங்கு) கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் 1995 வெள்ளத்தில் சுமார் 2,50,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. கரையை மேலும் மேலும் உயர்த்துவதைவிட ஆற்றுக்கு இடம் கொடுப்பது மேல் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் அரசின் பெரிய திட்டமாக மாறியது. நைமேகன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது நேரம் இருந்தால் ரைனின் கிளையான வால் என்னும் ஆற்றின் பாலத்தில் ஏறி எதிர்க்கரையைப் பாருங்கள். அங்கே லெண்ட் கிராமத்துப் பக்கம் கரையையே 350 மீட்டர் பின்னால் தள்ளி, நடுவில் புதிதாக ஒரு பக்கக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் இடம் பெயர்ந்தன. இவ்வளவு நெருக்கமான ஒரு நாட்டில் ஆற்றுக்காக மனிதர்கள் விலகிக்கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

சைக்கிள் ஓட்டுபவருக்கு இதன் பொருள் என்ன? வெள்ளம் வந்தால் நீங்கள் ஓட்ட நினைக்கும் பாதை தண்ணீருக்கு அடியில் போக வேண்டும். அதற்காகவே அமைந்த இடம் அது. வெள்ளம் வடியும்போது ஒரு பக்கம் புது மணலைக் கொட்டிவிட்டுப் போகும், இன்னொரு பக்கம் ஆற்றோரத்தை அரித்துவிட்டுப் போகும். போன வருடம் யாரோ பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

ரைன் ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்குள் நுழையும் இடம் லோபித். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வால் ஆற்றில், அதாவது நீங்கள் போகும் பக்கம் வருகிறது. லோபித் நீர்மட்டத்தை ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் என்ற அரசுத் துறை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. 1995 வெள்ளத்தில் அது கடல்மட்ட அளவுகோலுக்கு மேல் 16.68 மீட்டர். 2022 ஆகஸ்ட் வறட்சியில் 6.48 மீட்டர். ஒரே ஆற்றில் பத்து மீட்டர் வித்தியாசம்! கிளம்புவதற்கு முந்தைய சில நாட்களின் வரைபடத்தைப் பாருங்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கரைமேல் சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சமவெளிக்குள் இறங்க வேண்டாம். உள்ளூரில் வெயில் அடிக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இங்கே வரும் தண்ணீர் ஜெர்மனியிலும் ஆல்ப்ஸ் மலையிலும் பெய்த மழை. ஏறிய தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு வாரமாவது பொறுங்கள். ஆற்றுக் களிமண் அவ்வளவு சீக்கிரம் காயாது. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது, சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும்.

அதனால் பயணத்தை இப்படி அமையுங்கள். நைமேகனிலிருந்து ஓய், கேக்கர்டோம், மில்லிங்கன் என்று போகும் கரைமேல் சாலைதான் உங்கள் முதுகெலும்பு. அது தார்ச்சாலை, உயரத்தில் இருக்கிறது, இரு பக்கமும் பார்வை விரியும். சந்திப்புகளில் இருக்கும் எண் பலகைகளைப் பிடித்துப் போனால் வழி தவறாது. அந்தச் சாலையிலிருந்து அனுமதியுள்ள இடங்களில் மட்டும் கீழே இறங்கி, ஒரு சுற்றுப் போய், மறுபடி ஏறிவிடுங்கள். குறுக்கு வழி என்று கரையின் புல் சரிவில் ஓட்டாதீர்கள். வெள்ளம் மண்ணை அரிக்காமல் தடுப்பது அந்தப் புல்தான். சக்கரம் பதிந்த தடத்தில் புல் செத்துவிடும்.

அனுமதி விஷயத்தில் பலர் குழம்புவது இங்கேதான். மில்லிங்கர்வார்டில் பாதையை விட்டு விலகி எங்கு வேண்டுமானாலும் திரியலாம் என்று படித்திருப்பீர்கள். அது காலால் நடப்பவர்களுக்கு. சைக்கிள் அதற்கென விட்ட பாதையில்தான். நீல வட்டத்தில் சைக்கிள் படம் இருந்தால் அது சைக்கிள் பாதை. சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் இருந்தால் தடை. டச்சுக் குற்றவியல் சட்டத்தின் 461-ஆவது பிரிவைச் சொல்லி நுழையத் தடை போடும் பலகை இருந்தால் நடந்தும் போகக் கூடாது. பாதைக்குப் பாதை விதி மாறும், ஆகவே ஒவ்வொரு நுழைவு வாயிலிலும் நின்று பலகையைப் படியுங்கள்.

இந்தத் தடையை நஷ்டமாக நினைக்காதீர்கள். நல்ல பூட்டு ஒன்றைக் கொண்டுபோய், சைக்கிளை வாயிலில் பூட்டிவிட்டு ஒரு மணி நேரமாவது உள்ளே நடங்கள். காற்று குவித்த ஆற்று மணல்மேடுகள், பீவர் பென்சில் சீவியது போலக் கடித்து வைத்த வில்லோ மரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் வெண்வால் கடற்கழுகு. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு இவற்றில் பாதி கண்ணில் படாது. ஷூ விஷயத்தில் மட்டும் கவனம்: அடியில் பூட்டும் க்ளீட் உலோகம் நீட்டிக்கொண்டிருக்கும் ரோடு ஷூ வேண்டாம், நடக்கத் தோதான ஷூ போட்டு வாருங்கள்.

சரி, மாடுகளும் குதிரைகளும். பண்ணையில் கட்டிப் போட்டு வளர்ப்பவை அல்ல. குடும்பம் குடும்பமாக, காளையும் பொலிக்குதிரையும் கன்றுகளும் சேர்ந்தே வாழ்கின்றன. குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அதை வசந்த காலத்தில் நான் இரட்டிப்பாக்கிச் சொல்வேன், கன்று ஈனும் பருவம் அது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே, மந்தையைப் பிளந்துகொண்டு ஒருபோதும் போகாதீர்கள். பாதையின் மேலேயே படுத்திருந்தால் மணியடித்து எழுப்பாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அகலமாகச் சுற்றிப் போங்கள். சுற்ற இடமில்லையா, திரும்பி வந்துவிடுங்கள். தின்ன எதையும் கொடுக்காதீர்கள். சத்தமில்லாமல் பின்னாலிருந்து வேகமாக வரும் சைக்கிள் குதிரையை மிரள வைக்கும், ஆகவே மந்தை தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்துச் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். திறந்த வாயிலை மூடிவிட்டுப் போங்கள். மாடுகள் தாண்டாமல் இருக்கப் பாதையில் பதித்த இரும்புக் கம்பித் தளத்தை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் ஈரத்தில் சறுக்கிவிடும்.

ஏப்ரலை நான் தள்ளிப்போடச் சொல்வதற்குக் கன்றுகள் ஒரு காரணம். மார்ச் நடுவிலிருந்து ஜூலை நடுவரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பது இன்னொரு காரணம், தரையில் முட்டையிடும் பறவைகளும் இருக்கின்றன. செப்டம்பரில் களிமண்ணும் காய்ந்திருக்கும். ஏப்ரலில்தான் எல்லோருக்கும் லீவு என்றால் போங்கள், ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம்.

டயருக்கு வருவோம். மேய்ச்சல் நிலத்தில் விலங்குகள் தின்னாமல் விடுவது முள்செடிகளைத்தான். அதனால் ஹாதார்ன் என்னும் முள்மரமும் காட்டு முட்புதர்களும் அங்கே செழிக்கின்றன, பாதையில் முள் கிடக்கும். டியூப்லெஸ் போட்டுப் புது சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள், பெரிய ஓட்டையை அடைக்கும் பிளக் கிட்டும் ஒரு டியூபும் பையில் இருக்கட்டும். 75 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. டயரில் காற்றழுத்தத்தை 2 பாருக்குச் சற்று மேலே தொடங்கலாம். தளர்ந்த மணலில் கொஞ்சம் இறக்குங்கள், கரைச் சாலைக்கு வந்ததும் கைப்பம்பால் ஏற்றிக்கொள்ளுங்கள். கியரைப் பற்றிக் கவலை வேண்டாம், மேடே கிடையாது. எதிர்க்காற்றுதான் மலை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசை அமையுங்கள்.

ரயிலில் சைக்கிள் கொண்டுவருவதானால் தனிச் சீட்டு வேண்டும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6.30 வரை ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தடை இல்லை. வெயிலில் வால் ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசை வரும், வேண்டாம். சரக்குக் கப்பல்கள் இழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும்.

வீடு திரும்பியதும் சைக்கிளைக் கழுவும் முன்னால் உடம்பைப் பாருங்கள். உயரமான புல்லில் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்பும். முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கு, அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயோ ஸ்பிரிட்டோ தடவாமல், கூர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து உடனே இழுத்து எடுங்கள். தேதியை எழுதி வையுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அந்தத் தேதியோடு உங்கள் குடும்ப மருத்துவரிடம் போங்கள்.