சொந்தப் பட்டா இடத்தில் வாரச்சந்தை: லைசென்ஸ் எதற்கு, யாரிடம்?

வாசகர் கடிதம்:

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சி. மாநில நெடுஞ்சாலையை ஒட்டி 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை நிலம் இருக்கிறது. என் மனைவி, அவருடைய அண்ணன், தம்பி மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. ரோட்டோரம் காய்கறிக் கடை போட்டவர்களைப் போலீஸ் விரட்டியபோது, உள்ளே வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் இடம் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 60 கடை கூடுகிற சந்தையாகிவிட்டது. ஒரு தரைக்கடைக்கு 20 ரூபாய் வாங்குகிறேன். எங்கள் ஊராட்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தை நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை ஏலம் எடுத்தவர் போன மாதம் வந்து, வாரம் 1,000 ரூபாய் தந்தால் கண்டுகொள்ள மாட்டேன் என்றார். மறுத்தேன். அடுத்த வாரமே ஊராட்சியிலிருந்து நோட்டீஸ்: உரிமம் இல்லாத சந்தையை 7 நாளில் நிறுத்து என்று. லைசென்ஸுக்கு மனு கொண்டுபோனால் செயலர் வாங்கவே மாட்டேன் என்கிறார். ஏலதாரரிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கி வர வேண்டுமாம். சொந்தப் பட்டா இடத்துக்கு எதற்கு லைசென்ஸ்? அவர்கள் மறுக்க முடியுமா? ஆட்டுச் சந்தையும் சேர்த்து நடத்த ஆசை, அது முடியுமா?

பெயர் வேண்டாம்.

பதில்:

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தையைக் கூட்டாதீர்கள். ஏலதாரர் கேட்ட காசு அநியாயம், செயலர் மனுவை வாங்க மறுத்தது தவறு, இரண்டும் உண்மை. ஆனால் நோட்டீஸில் எழுதியிருக்கும் ஒரு வரியும் உண்மைதான். உங்களிடம் உரிமம் இல்லை.

பட்டா என்பது நிலம் யாருடையது என்பதைத்தான் சொல்லும். அந்த நிலத்தில் ஊர் கூடி வியாபாரம் செய்யலாமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சி நடத்துவதைப் பொதுச் சந்தை என்றும், தனியார் இடத்தில் நடப்பதைத் தனியார் சந்தை என்றும் பிரிக்கிறது. புதிதாகத் தனியார் சந்தை திறக்கவும், திறந்ததைத் தொடரவும் உரிமம் வேண்டும். கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் படுதா விரித்து, தக்காளியைக் கூறு கட்டி வைத்து நான்கு பேர் விற்க நான்கு பேர் வாங்க என்று வழக்கமாகக் கூடினாலே அது சந்தைதான். உரிமம் இல்லாத சந்தையில் கடை போடுகிறவருக்கும் அந்தச் சட்டத்தில் தடை உண்டு. உங்களை நம்பி வந்த அந்த 60 பேரும் உங்களோடு சேர்ந்து மாட்டுவார்கள். நிறுத்தச் சொல்வதற்கு இது ஒரு காரணம். நாளைக்கு உயர் நீதிமன்றம் போகும்போது, சட்டத்தை மீறிக்கொண்டே நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று.

நோட்டீஸுக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நீளமாக வேண்டாம். சந்தையை இன்ன தேதியிலிருந்து நிறுத்திவிட்டோம், உரிமத்துக்கு மனு செய்கிறோம், மனுவை அலுவலகத்தில் இன்ன தேதியில் வாங்க மறுத்தார்கள், இவ்வளவு போதும். ஏலதாரர் பணம் கேட்டதை இந்தப் பதிலில் இழுக்காதீர்கள். சாட்சி இருந்தால் அது தனிப் புகாராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம்.

மறுக்க முடியுமா என்று கேட்டீர்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சட்டப்படி ஏற்கெனவே நிறுவப்பட்டு நடந்து வரும் தனியார் சந்தைக்கு ஊராட்சி உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். புதிய சந்தை என்றால் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அது ஊராட்சியின் விருப்புரிமை. ‘இரண்டு வருடமாக நடத்துகிறேனே, அது ஏற்கெனவே நடக்கும் சந்தைதானே’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சட்டம் சொல்வது ‘சட்டப்படி’ நிறுவப்பட்ட சந்தையை. உரிமமே இல்லாமல் நடந்த இரண்டு வருடம் அந்தக் கணக்கில் ஏறாது. ஆகவே மனுவில் ‘பழைய சந்தை’ என்று வாதாடாதீர்கள். புதிய சந்தைக்கு விண்ணப்பிக்கிறோம் என்றே எழுதுங்கள். அந்த இரண்டு வருடத்தை, ஊருக்கு இந்தச் சந்தை தேவைப்படுகிறது என்பதற்கு ஆதாரமாக மட்டும் காட்டுங்கள்.

விருப்புரிமை என்பதால் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி மறுத்துவிடவும் முடியாது. சுகாதாரம், வடிகால், குடிநீர், போக்குவரத்து, இட நெருக்கடி என்று சந்தையோடு ஒட்டிய காரணம் இருக்க வேண்டும். ஏலதாரருக்கு வசூல் குறையும் என்பது ஏலதாரரின் காரணம். அதை ஊராட்சி தன் காரணமாக எழுதினால் அந்த உத்தரவு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். எங்களுக்கு இதில் ஒரு பழைய துணை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கைரானா நகராட்சி, காய்கறி மொத்த வியாபாரம் முழுவதையும் ஒரே ஆளுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே அந்த வியாபாரம் செய்துகொண்டிருந்த ரஷீத் அகமது என்பவருக்கு லைசென்ஸ் தர மறுத்தது. லைசென்ஸ் வேண்டும் என்று துணைவிதி போட்டார்கள். அதைக் கொடுப்பதற்கு விதியே போடவில்லை. அவர் மேல் வழக்கு வேறு. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் இது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று சொல்லிவிட்டது. உங்கள் வழக்கு அப்படியே அது இல்லை. அவர் வியாபாரி, நீங்கள் இடம் கொடுப்பவர். உங்கள் ஊரில் உரிமம் கொடுக்கச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் ஒருவருடைய குத்தகையைக் காப்பாற்ற இன்னொருவருடைய மனுவை முடக்கக் கூடாது என்ற வாதத்துக்கு அது நன்றாகவே கைகொடுக்கும்.

ஏலதாரரிடம் ‘ஆட்சேபணை இல்லை’ வாங்கி வரச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அவர் ஏலத்தில் எடுத்தது வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் கட்டணம் வசூலிக்கும் உரிமையை. உங்கள் வேலிக்குள் ஒரு ரூபாய் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. ஒரு தடவைகூடக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த பணம் மறுவாரமே மாமூல் ஆகிவிடும். அதோடு, அந்த ஏல நிபந்தனைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளைத்தாளில் மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் வேறு சந்தைக்கு அனுமதி தர மாட்டோம் என்று ஊராட்சி அதில் வாக்குக் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தால் செயலர் ஏன் மனுவைத் தொடப் பயப்படுகிறார் என்பது விளங்கும்.

இனி மனு. விண்ணப்பிக்க வேண்டியவர் இடத்தின் உரிமையாளர். நீங்கள் இல்லை. சந்தையைக் கட்டி வளர்த்தவர் நீங்களாக இருக்கலாம், பட்டாவில் உங்கள் பெயர் இல்லையே. மனைவியும் அவருடைய அண்ணன் தம்பியும் மூன்று பேருமாகக் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகத்தை உங்களிடம் ஒப்படைத்ததாக அவர்கள் மூவரும் எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் இணையுங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் எல்லாம் சரியாக இருந்தது, வெளியூரில் இருந்த ஒரு பங்காளியின் கையெழுத்து மட்டும் இல்லை. அந்த ஒரு கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார்கள். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைப் பேசித் தீருங்கள்.

அடுத்தது தேதி. சந்தை திறக்கப் போகும் நாளுக்கு 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் முன்கூட்டி மனு போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் 4-ஆம் தேதி கொடுக்கிறீர்கள் என்றால், திறக்கும் நாள் செப்டம்பர் 3-க்கும் நவம்பர் 2-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த நாளை மனுவிலேயே குறிப்பிடுங்கள். அப்புறம், உரிமம் நிதியாண்டோடு முடிந்துவிடும். அக்டோபரில் கிடைத்தாலும் மார்ச் 31 வரைதான். புதுப்பிக்கும் மனுவுக்கும் அதே 30, 90 கணக்குதான், ஏப்ரல் 1-லிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜனவரி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் கழியட்டும் என்று விட்டால் பிப்ரவரியும் ஓடிவிடும்.

யாரிடம் கொடுப்பது? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். திண்டுக்கல்லும் அதில் ஒன்று. மனு கொடுக்கிற நாளில் ஊராட்சிக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் யாரோ, தலைவரோ தனி அலுவலரோ, அவர் பதவியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஊராட்சிச் சந்தை, ஊராட்சி ஒன்றியச் சந்தை என்று வகை பிரிக்கும் ஏற்பாடும் இருப்பதால், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) ஒரு நகல் போகட்டும். செயலர் கையில் கொடுத்து, அவர் மேசையில் வைத்து, அது காணாமல் போகிற கதை வேண்டாம். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது. ரசீதையும், கையெழுத்தாகித் திரும்பி வரும் ஒப்புகையையும் ஒரே கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தக் கவரில்தான்.

மனுவோடு கணினிப் பட்டா, புல வரைபடம் இரண்டும் கட்டாயம். அவற்றைவிட வேலை செய்வது ஒரு சாதாரண வரைபடம். கடை வரிசை எங்கே, நடுவில் எத்தனை அடி நடைபாதை, குடிநீர்த் தொட்டி, ஆண் பெண் கழிப்பறை, அழுகிய காய் கொட்டும் குழி, மழைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் குறித்து ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள். மறுப்பதற்கு அவர்கள் தேடும் காரணங்கள் எல்லாம் அந்த ஒரு தாளிலேயே அடைபட்டுவிடும். உங்களுக்கு முக்கியமானது வண்டி நிறுத்தம். மாநில நெடுஞ்சாலையில் டூவீலர் ஒரு வரிசை நின்றால்கூடப் போக்குவரத்து இடைஞ்சல் என்று எழுதிவிடுவார்கள். 20 சென்ட்டை அதற்கே ஒதுக்குங்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வண்டி வர வழி வெட்டுவதானால் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனி. கீற்றுப் பந்தல், படுதாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூண் எழுப்பித் தகரக் கூரை போட்டால் கட்டட அனுமதி, நில உபயோக மாற்றம் என்று இன்னொரு வாசல் திறந்துகொள்ளும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் கிடைத்தால், கடைக்காரர்களிடம் நீங்கள் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் ஊராட்சி அதில் நிபந்தனையாக விதிக்கலாம். ஊராட்சிக்கு நீங்கள் கட்டும் உரிமக் கட்டணம், முந்தைய ஆண்டு சந்தையிலிருந்து உங்களுக்கு வந்த மொத்த வருமானத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 60 கடை, 20 ரூபாய், 52 வாரம் என்றால் 62,400 ரூபாய். உச்சபட்சக் கட்டணம் 9,360. கூட்டுகிற ஆள், குண்டு பல்பு, தண்ணீர் லாரி எதையும் கழிக்க முடியாது, மொத்த வருமானம் என்றால் மொத்தம்தான். ஆகவே கடைக்கு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுங்கள், அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இல்லையென்றால் 60 கடையை அவர்கள் 150 என்று எழுதுவார்கள்.

தராசுகளுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும், அது கடைக்காரர் பொறுப்பு. என்றாலும் நுழைவாயிலில் முத்திரை போட்ட தராசு ஒன்றை நீங்களே வையுங்கள். எடை சரியில்லை என்று வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வியாபாரிகள் வந்து நிலக்கடலை, பருத்தி என்று விவசாயிகளிடம் மூட்டை மூட்டையாக வாங்க ஆரம்பித்தால் மட்டும் உடனே என்னைக் கேளுங்கள். அது 1987-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் சம்பந்தப்பட்ட வேறு சமாசாரம்.

சரி, மனு போட்டும் பதில் வரவில்லை என்றால்? ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல் ஒன்று அனுப்புங்கள், மாவட்ட ஆட்சியருக்கு நகலோடு. ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். அதற்கும் அசையாவிட்டால், மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு போடுங்கள் என்று கேட்டு மதுரைக் கிளையில் ரிட் மனு. இந்த மாதிரி மனுவில் நீதிமன்றம் லைசென்ஸைத் தூக்கிக் கொடுக்காது, பரிசீலிக்கச் சொல்லும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எழுத்தில் ஒரு உத்தரவு கைக்கு வந்துவிட்டால், அது மறுப்பாகவே இருந்தாலும், காரணத்தோடு வரும், காரணத்தை உடைக்கலாம். இப்போது உங்கள் கையில் இருப்பது செயலர் வாயால் சொன்ன ஒரு ‘முடியாது’. அதில் உடைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

கடைசியாக ஆட்டுச் சந்தை. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையைப் பார்த்து ஆசை வந்திருக்கும், தப்பில்லை. ஆனால் கால்நடை என்றதும் கழிவு, தண்ணீர்த் தொட்டி, வண்டியில் எத்தனை ஆடு ஏற்றலாம் என்பது, நோய்த் தடுப்பு என்று நிபந்தனைகள் பெருகும். அங்கேயே அறுத்து விற்க ஆரம்பித்தால் அதற்கு உரிமம் தனி. மறுக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அலுவலகத்துக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுப்பானேன்? இந்த மனுவில் காய்கறி, மளிகை, துணி, பாத்திரம் என்று மட்டும் எழுதுங்கள். ஆடு அடுத்த ஏப்ரலுக்கு இருக்கட்டும்.