சாவிக்கொத்தைக் குடுத்தாரு, நீங்க பாத்துட்டு நின்னீங்க

கேள்வி: சேலம் பக்கம் ஒரு தனியார் ஸ்கூல்ல 9 வருஷமா நர்ஸா இருக்கேன். அடுத்த வருஷம் ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூ பண்ணணும், 5 வருஷத்துக்கு 150 மணி நேரம் சிஎன்இ, அதான் நர்ஸுங்க வேலைல இருந்துட்டே படிக்க வேண்டிய தொடர் வகுப்பு, கேக்கறாங்க, என்கிட்ட 35தான் இருக்கு. கிளாஸ் எல்லாம் ஞாயித்துக்கிழமைல வருது, மாமியாருக்கு முகம் சுருங்குது. "காயத்துக்கு மருந்து போட எதுக்கு இன்னும் படிப்பு"ங்கறார் வீட்டுக்காரர். அதுவும் நியாயம்தான், போன மாசம் பிரேயர்ல ஆறாவது படிக்கிற பையனுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, பி.டி. சார் கைல சாவிக்கொத்தைக் குடுத்தாரு, நின்னுடுச்சு, தண்ணி குடுத்து கிளாஸுக்கு அனுப்பிட்டேன். கூடப் படிச்சவ ஒருத்தி, காசு குடுத்தா உக்காராமலே சர்டிஃபிகேட் கிடைக்கும்ங்கறா. வாங்கலாமா?

பதில்: சர்டிஃபிகேட்டை அப்புறம் பாப்போம், முதல்ல அந்த சாவிக்கொத்துக்கு வாங்கம்மா. அத்தனை பேர் நிக்கற பிரேயர் கிரவுண்ட்ல நர்ஸிங் படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான், ஆனா வைத்தியம் பாத்தது பி.டி. சார், அதை நீங்க ஒரு வரில எழுதிட்டுப் போயிட்டீங்க. இரும்புக்கும் ஃபிட்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, முக்காவாசி ஃபிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும், அந்த நேரத்துல யார் எதைக் குடுத்தாலும் பேர் அதுக்குப் போயிடும். பையனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்களா, டையைத் தளர்த்தினீங்களா, தலைக்கு கீழ எதையாவது மெத்துனு வெச்சீங்களா? வாட்ச்சைப் பாத்தீங்களா? எத்தனை நிமிஷம்னு உங்க லெட்டர்ல இல்லையே. 5 நிமிஷம் தாண்டினா 108-ஐ கூப்பிடணும், அதுக்குத்தான் வாட்ச். நினைவு முழுசா திரும்பறதுக்குள்ள தண்ணி குடுத்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்மா.

இன்னொண்ணும் உங்க லெட்டர்ல இல்ல. அவன் அம்மாவுக்கு சொன்னீங்களா?

என் தம்பிக்கு சின்ன வயசுல இதே ஃபிட்ஸ். ஸ்கூல்ல யாரோ வாய்க்குள்ள ஸ்பூனை விட்டு முன்பல்லை உடைச்சுட்டாங்க, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொல்லித்தான் எங்கம்மாவுக்கே தெரியும். "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா"ன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. 1902-ல நியூயார்க்ல லினா ராஜர்ஸ்னு ஒரு நர்ஸை நாலு ஸ்கூலுக்குப் போட்டாங்க, ஸ்கூல் நர்ஸ்ங்கற வேலை அமெரிக்காவுல அங்கதான் ஆரம்பிச்சுது. கண்நோய், படை, பேன்னு வீட்டுக்கு துரத்தின பசங்களுக்கு மருந்து போட்டதோட விடாம வீடு வீடாப் போய் அம்மாக்கள்கிட்ட சொல்லிக் குடுத்தாங்க. உங்க வேலையோட பாதி அதுதான்மா.

இப்ப அமெரிக்காவுல ஸ்கூல் நர்ஸுக்குன்னே தனியா தேசிய அளவுல ஒரு பரீட்சை இருக்கு, அந்த சர்டிஃபிகேட்டும் 5 வருஷம்தான் செல்லும். ஆஸ்பத்திரின்னா ஒரு குரல் குடுத்தா டியூட்டி டாக்டர் ஓடி வருவார், ஸ்கூல்ல சிக் ரூம் கட்டிலும் நீங்களும்தான். ஒரு குழந்தைக்கு சுகர் 70-க்கு கீழ போச்சு, இன்னொண்ணுக்கு கடலை மிட்டாய் தின்னு மூச்சு திணறுது, யாரைக் கேப்பீங்க? காசு குடுத்து வாங்கின பேப்பரையா? வாங்கக் கூடாது. அந்தத் தோழி இனிமே போன் பண்ணினா எடுக்காதீங்க.

வீட்டுக்காரர் சொன்னதை நியாயம்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு. குடும்பம்தான் முதல்லன்னு நானும் சொல்றவதான், ஆனா அந்தப் பையனும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, காலைல எட்டு மணிக்கு அவனை நம்பி உங்க கைல விட்டுட்டுப் போறாங்க. மிச்சம் 115 மணி நேரம், ஒரு வருஷம்னா மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆகும். அந்த ரெண்டு நாள் அவர் சாதம் வெச்சு ரசம் வெக்கட்டும், மாமியார் முகம் சாப்பிட்டா சரியாயிடும். கரெஸ்பாண்டென்ட்கிட்ட வார நாள் கிளாஸுக்கு ஆன் டியூட்டி கேளுங்க, எழுதியே குடுங்க. முதல் கிளாஸா பிஎல்எஸ் போங்க, மூச்சோ இதயமோ நின்னா உடனே என்ன செய்யணும்னு சொல்லித் தர்ற உயிர்காக்கும் பயிற்சி, அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், உங்களது எப்ப முடிஞ்சுதுன்னு பாருங்க.

அதுக்கெல்லாம் முன்னாடி நாளைக்கு காலைல அந்தப் பையனோட அம்மாவுக்கு போன் பண்ணுங்க. நடந்ததை சாவிக்கொத்து, தண்ணி உட்பட ஒண்ணு விடாம சொல்லுங்க, முன்னாடி வந்திருக்கா, என்ன மாத்திரை, எந்த டாக்டர்னு கேட்டு சிக் ரூம் நோட்டுல அவன் பேருக்கு ஒரு பக்கம் எழுதி வெச்சுட்டு, பி.டி. சாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கறது எப்படின்னு காட்டுங்க.