காலையில் கால் மணி நேரம்தான், பால்கனியில் காய்கறி வருமா?

கேள்வி: வில்லாபுரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கிழக்குப் பார்த்த பால்கனி, பத்துக்கு நான்கடி. வெயில் பதினொரு மணி வரைதான். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்; காலையில் கால் மணி நேரம் ஒதுக்கலாம். போன கோடையில் வாங்கிய பத்துச் சின்னத் தொட்டிகளும் காய்ந்துபோயின. எப்படித்தான் வளர்ப்பது?

பதில்: வரும். உங்கள் கை ராசியில் கோளாறு இல்லை, தொட்டியில்தான். சின்னத் தொட்டியில் பிடிக்கிற மண் ரெண்டு கைப்பிடி. மதுரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். நானும் பட்டிருக்கிறேன். ஒரு சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்த்து, அழகர் ஆற்றில் இறங்கியதையும் பார்த்துவிட்டு, தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்பினால், மொட்டை மாடியில் மிளகாய் நாற்று அத்தனையும் சருகு. பழைய பெயிண்ட் வாளியில் இருந்த கத்தரி மட்டும் தலை தொங்கி நின்றது. தண்ணீர் ஊற்றியதும் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிட்டது.

அதனால் உங்களுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஐந்து போதும். பழைய சாமான் கடையில் கிடைக்கும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். ஓட்டையை அடியில் போடாமல், அடியிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கு இடத்தில் போடுங்கள். கீழே கொஞ்சம் தண்ணீர் தங்கும், வேர் அதைத் தேடி இறங்கும். கீழ் வீட்டுக் கொடித்துணியில் சொட்டாமலிருக்க வாளிக்கடியில் ஒரு தட்டு அவசியம். வாடகை வீட்டில் இது விவசாயத்தை விட முக்கியம்.

வெறும் செம்மண்ணைக் கொட்டாதீர்கள். நனைந்தால் ஒரு வாளி 30 கிலோவைத் தாண்டும், இறுகியும் போகும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் நாற்று கருகும். போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு. மண்மேல் வெள்ளையாகப் பூத்தால் அதுதான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஓட்டை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் சேர்வதைக் கொட்டிவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைக்கும் வெயிலுக்குக் கத்தரி இரண்டு வாளி, மிளகாய் இரண்டு, வாளிக்கு ஒரே செடி. இன்னொன்று நாத்தனார் கொடுத்தாலும் சேர்த்து நடாதீர்கள். மீதி ஒரு வாளி தக்காளிக்கு. ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசிக்கு மேல் குளிர்ச்சியில் காய்க்கும். பங்குனி, சித்திரையில் பூ பிடிக்காமல் கொட்டும். புடலை, பீர்க்கை வேண்டாம், கொடி கட்டவே உங்கள் கால் மணி நேரம் போய்விடும்.

கீரைக்கு அரையடி ஆழமுள்ள அகலத் தொட்டி இரண்டு. ஒன்றில் அரைக்கீரை: வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல் உயரம் விட்டு அரிந்தால் மறுபடி துளிர்க்கும். இன்னொன்றில் சிறுகீரை; ஏறக்குறைய 25 நாளில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும்.

தினமும் தண்ணீர் ஊற்றும் முன் விரலை ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். அப்போதே இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சி இரண்டு மூன்று இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள்.

இரண்டு நாள் ஊருக்குப் போவதென்றால், வாளிகளைச் சுவரோரம் நிழலுக்கு நகர்த்தி, மண்மேல் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் பரப்பி, பக்கவாட்டு ஓட்டை வழியே வழியும்வரை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள்.